சீழ் வடிந்தால் காது சுகமாகிவிட்டதா?

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் இருக்கும் என் தங்கையின் மகனுக்கு ஏழு வயது. சென்ற மாரியில் தடிமன் பிடித்து, இரவிரவாகக் காதுவலியில் அழுதான். விடியக் காதிலிருந்து சீழ் வந்தது, வலியும் நின்றது. "கெட்டதெல்லாம் வெளியே வந்துட்டு" என்று உம்மா ஆறுதலடைந்தார். பிறகும் தலையணையில் ஈரக்கறை இருந்தது. நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறானில்லை என்று ஆசிரியை முறையிட்டார். குழப்படி என்று நானும் ஏசினேன். அவனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் ஒரு சிறு குழாய் இணைக்கிறது. சிறுவர்களுக்கு அது குட்டையாகவும் சாய்வு குறைந்தும் இருப்பதால், தடிமனுடன் கிருமிகள் லேசாகக் காதுக்குள் போகின்றன. அங்கே சீழ் தேங்கி அழுத்துவதால்தான் அந்த வலி. செவிப்பறை கிழிந்து சீழ் வெளியேறியதும் வலி குறையும். பெரும்பாலும் அந்தக் கிழிசல் தானாக ஆறிவிடும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் சீழ் வடிந்தால் அது நாட்பட்ட காதுநோய். கவனிக்காவிட்டால் கேட்கும் திறன் குறையும்.

காதுவலி எல்லாவற்றுக்கும் அன்டிபயோட்டிக் தேவையில்லை. பல பிள்ளைகளுக்கு, நிறைக்கேற்ற அளவு பரசிட்டமோலுடன் இரண்டு மூன்று நாளில் வலி தீரும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை, கடும் காய்ச்சல், சீழ் என்றால் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். முன்பு மிஞ்சிய மருந்தைக் கொடுக்காதீர்கள். நாட்பட்ட சீழுக்கு, சுத்தமான பருத்தித் துணியைத் திரியாக்கி ஒற்றியெடுத்துக் காதை உலர வைப்பதும், வைத்தியர் தரும் சொட்டு மருந்துமே முக்கியம். காதின் பின்புறம் வீங்கினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கடும் தலையிடியுடன் வாந்தி எடுத்தாலோ தாமதியாமல் யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

சூடாக்கிய நல்லெண்ணெய், கருஞ்சீரக எண்ணெய், கோழி இறகு எதுவும் காதுக்குள் வேண்டாம். கிணற்றடியில் குளிக்கும்போது வாசலின் பூசிய பஞ்சால் காதை அடைத்து, குளித்ததும் எடுத்துவிடுங்கள். வுளூவில் ஈரவிரலால் காதைத் தடவுவதால் தண்ணீர் உள்ளே போய்விடாது. தலையில் தண்ணீர் ஊற்றும்போதுதான் கவனம் தேவை.

மருமகனுக்கு ஆறு வாரச் சிகிச்சையில் சீழ் நின்றது. கேட்கும் திறனும் தேறி வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஏசியதற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை ஏசுமுன், ஒருமுறை வைத்தியரிடம் காதைக் காட்டுங்கள்.