வானத்துக் குடும்பங்கள் கலைவது ஏன்?

கார்த்திகைத் திங்களில் அந்தி சாய்ந்தபின் கீழ்வானை நோக்குவோர்க்கு ஒரு சிறு விண்மீன் கூட்டம் தென்படும். முருகனை வளர்த்த தாய்மார் அறுவர் என நம் முன்னோர் போற்றிய கார்த்திகைக் கூட்டமே அது. வெறுங்கண்ணுக்கு ஆறு மீன்களே புலப்படினும், தொலைநோக்கி வழியே ஆராய்ந்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அங்கு உள்ளன. ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில், ஒன்றையொன்று ஈர்த்துப் பிடித்தவாறு அவை ஒரு குடும்பமாக வாழ்கின்றன. பிறந்து சுமார் 10 கோடி ஆண்டுகளே ஆன இளங்குடும்பம் அது. ஆயினும் இன்னும் 25 கோடி ஆண்டுகளுக்குள் அது பெரிதும் கலைந்துபோகும் என்பர் வானநூலார்.

ஈர்ப்பினால் கட்டுண்ட கூட்டம் கலைவானேன்? இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் தலையாயவர் ஒருவர் தமிழர் என்பதை நம் குடும்பத்துப் பிள்ளைகள் அறிந்திருத்தல் நலம்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-ஆம் ஆண்டு லாகூரில் பிறந்தவர், சர் சி. வி. இராமனின் தமையனார் மைந்தர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930-இல் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். வெண்குறு விண்மீன்களுக்கு ஓர் எடை வரம்பு உண்டென 1935 ஜனவரியில் இலண்டனில் அவர் எடுத்துரைத்தபோது, அக்காலத்துப் பேரறிஞர் எடிங்டன் அவையிலேயே அக்கருத்தை எள்ளி நகையாடினார். இளைஞருக்கு அப்போது வயது 24. வாதாடியே காலத்தைக் கழிக்க அவர் விரும்பவில்லை. தம் முடிவுகளை 1939-இல் நூலாக்கி வைத்துவிட்டு, தாம் பணியாற்றிய சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்தே புதியதொரு துறையிற் புகுந்தார். விண்மீன் கூட்டங்களின் இயக்கமே அத்துறை. 1942-இல் அதுபற்றிய நூலும், 1943-இல் புகழ்பெற்ற கட்டுரைகளும் வெளிவந்தன.

விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதுமோ எனின், அது அரிதினும் அரிது. கதிரவனை ஒரு மிளகாகக் கருதித் திருவனந்தபுரத்தில் வைத்தால், அடுத்த விண்மீனாகிய மிளகைத் தூத்துக்குடியில் வைக்க வேண்டும். இடையே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வெற்றிடம்! மோதல் இல்லையேனும், கடந்து செல்லும் ஒவ்வொரு மீனும் மற்றதைச் சற்றே இழுக்கிறது. ஓர் இழுப்பால் விளைவது ஒன்றுமில்லை. ஆனால் கோடானுகோடி இழுப்புகள் சேர்ந்தபின், ஒரு மீன் தான் முதலிற் கொண்டிருந்த வேகத்தையும் திசையையும் முற்றும் மறந்துவிடும். இவ்வாறு மறப்பதற்கு ஆகும் காலத்தையே தளர்வுக் காலம் என்பர்.

இதனுடன் சந்திரசேகர் மற்றொன்றையும் கண்டார். விரைந்து செல்லும் மீன் தன்னைச் சூழ்ந்தவற்றை ஈர்ப்பதால், அதன் பின்னே ஒரு நெரிசல் உண்டாகிறது. அந்நெரிசல் அதனைப் பின்னோக்கி இழுத்து வேகத்தைத் தணிக்கிறது. இயக்க உராய்வு என்று இதற்குப் பெயர். ஓடிப்போக முயலும் மீனைப் பிடித்து நிறுத்தி, கூட்டத்தின் ஆயுளை நீட்டிப்பது இதுவே.

எனினும் முற்றும் தடுத்துவிட முடிவதில்லை. எடை மிகுந்த மீன்கள் வேகம் குறைந்து நடுவே தங்க, இலேசானவை வேகம் பெற்று விளிம்புக்குச் செல்கின்றன. சூடான பாத்திரத்து நீர் ஆவியாவதுபோல், அவற்றுட் சில நாளடைவில் வெளியேறுகின்றன. அவற்றோடு பால்வழி மண்டலத்தின் இழுப்பும் சேர்ந்து கூட்டத்தைக் கலைக்கிறது. நம் கதிரவனும் இத்தகையதொரு கூட்டத்திற் பிறந்து, பின்னர்த் தனித்து வந்ததே என வானநூலார் கருதுகின்றனர்.

இனி, பால்வழி போன்ற பெருமண்டலத்தைப் பார்ப்போம். அதில் பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட மீன்கள் உள்ளன. சிறு இழுப்புகளால் மட்டுமே அது தளர்வடைவதாயின், அண்டத்தின் வயதாகிய 1,380 கோடி ஆண்டுகளைப் போலப் பல இலட்சம் மடங்கு காலம் வேண்டும். ஆயினும் நாம் காணும் மண்டலங்கள் பல அமைதியுற்ற வடிவிலேயே தோன்றுகின்றன. இப்புதிருக்கு 1967-இல் டொனால்டு லிண்டன்-பெல் விடை கூறினார். மண்டலம் உருவாகும்போது அதன் ஈர்ப்புப் புலமே கொந்தளிக்கிறது. அக்கொந்தளிப்பு எல்லா மீன்களின் ஆற்றலையும் ஒருங்கே கலக்கிவிடுகிறது. ஆதலின் அமைதி விரைவில் வந்து சேர்கிறது. வன்தளர்வு எனலாம் இதனை.

இக்கலக்கத்துள் தனியொரு மீனின் பாதையை முன்கூட்டிச் சொல்ல இயலுமா? 1964-இல் ஆர். எச். மில்லர் என்பார் கணிப்பொறியில் ஒரு சிறு கூட்டத்தை இயக்கிப் பார்த்தார். தொடக்கத்தில் மயிரிழை அளவே வேறுபட்ட இரு கணக்குகள், சிறிது காலத்தில் வெவ்வேறு வழியிற் சென்றன. வேறுபாடு கூட்டு வட்டிபோற் பெருகுவதே காரணம். ஒரு மீன் எங்குச் செல்லும் என்பதைக் கணிக்க இயலாது. கூட்டம் என்ன வடிவு கொள்ளும், எத்தனை காலம் நிலைக்கும் என்பதையோ கணிக்க இயலும். ஒழுங்கின்மையும் ஒழுங்கும் ஓரிடத்தே குடியிருக்கும் விந்தை இது!

நாம் வாழும் திருவனந்தபுரத்திற்கு வானநூலோடு பழைய உறவு உண்டு. சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் இங்கு வானாய்வுக்கூடம் நிறுவினார். ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். இன்று அது கேரளப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்துள்ளது. நம் தென்கோடி வானிற்கும் ஒரு தனிச்சிறப்பு உண்டு. இலண்டனிலிருந்து காணவியலாத ஒமேகா சென்டாரி என்னும் கோளக் கொத்து, சித்திரை வைகாசி இரவுகளில் நம் தென்வானில் மங்கிய பஞ்சுத் துளிபோல் தெரியும். 17,000 ஒளியாண்டுத் தொலைவில் சுமார் ஒரு கோடி மீன்கள் திரண்ட பெருங்குடும்பம் அது. சிறிய கோளக் கொத்துகள் பல முன்பே தளர்வடைந்துவிட, இதுவோ தன் பேரளவு காரணமாக இன்னும் முழுமையாகத் தளர்வடையவில்லை.

1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒருகாலத்தில் எள்ளப்பட்ட அவ்வெடை வரம்பு உலகம் ஒப்பிய உண்மையாயிற்று. இடையிலே அவர் தேடிக்கொண்ட புதுத்துறையும் தழைத்தது. நகர விளக்குகள் மறையும் இடத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, பெற்றோர் இவ்விரு கூட்டங்களையும் பருவமறிந்து காட்டுவாராக. கலையும் குடும்பத்தையும் நிலைக்கும் குடும்பத்தையும் ஒரே விதி ஆள்வதை, ஏட்டினும் வானமே அவர்களுக்குத் தெளிவாக உணர்த்தும்.