நாவலப்பிட்டியின் வாக்காளர் இடாப்பு

ஓர் ஊரின் அரசியற் சார்பை அறிய விழைவோர் வாக்கு எண்ணிக்கையையே முதலில் நோக்குவர். கண்டி மாவட்டத்தின் தென்பால், தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்த நாவலப்பிட்டியைப் பொறுத்தவரை, வாக்காளர் இடாப்பையன்றோ முதலிற் புரட்டல் வேண்டும்!

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இத்தொகுதி இலங்கை இந்தியக் காங்கிரசைச் சார்ந்த கே. இராஜலிங்கத்தைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. தோட்டத் தொழிலாளரின் வாக்கே அவ்வெற்றிக்கு அடிப்படை. அக்கட்சி போட்டியிடாத தொகுதிகளில் அன்னாருட் பலர் இடதுசாரிகளை ஆதரித்தனர். ஆட்சியாளருக்கு இஃது உவப்பாயிருக்கவில்லை. 1948இற் குடியுரிமைச் சட்டம் வந்தது. மறு ஆண்டு தேர்தற் சட்டம் திருத்தப்பட்டது. குடியுரிமையற்றோர் வாக்குரிமை இழந்தனர். 1952இல் அக்கட்சிக்கு நாடெங்கணும் ஓர் ஆசனமேனும் கிட்டவில்லை. மக்கள் மனம் மாறிற்றோ? இல்லை. கொழுந்து கொய்தோர் அதே மக்களே; அவர்தம் கையில் வாக்குச்சீட்டு இல்லை, அவ்வளவே.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு குடியுரிமைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. இப்போது கண்டி மாவட்டம் முழுவதும் ஒரே தேர்தல் மாவட்டமாகும். வாக்காளர் ஒருவர் மூவர்வரை விருப்பு வாக்களிக்கலாம். சிதறி வாழும் தமிழர் அவற்றைப் பலருக்குப் பங்கிட்டால் எவரும் தேறுதல் அரிது. 2015இல் அவை பெருமளவு ஒருவர்பாற் குவிந்தபோது வேலு குமார் தெரிவானார்.