கடந்து செல்லும் பறவைகள்

பழைய அரபு மொழியறிஞர்கள் பறவைகளை இரு வகையாகப் பிரித்தனர். கோடையிலும் குளிரிலும் ஒரே நிலத்தில் தங்குபவை 'அவாபித்'. பருவந்தோறும் நாடு கடப்பவை 'கவாதிஉ'. பின்னவற்றையே தமிழில் வலசைப் பறவைகள் என்கிறோம். அவற்றை நேரில் காண விழைவோர் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரைக்கு ஒருநாள் சென்று வருதல் வேண்டும். 1967இல் சரணாலயமான அவ்விடம், ஈரானின் ராம்சார் நகரில் 1971இல் உருவான ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் 2002இல் சேர்க்கப்பட்டது.

காலை வெயில் ஏறுமுன் சேற்று வெளியில் இரை தேடும் பறவைகளைக் கவனிக்கலாம். சிட்டுக்குருவி அளவேயான கொசு உள்ளான், சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டுப் பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வருகிறது. குட்டை அலகுடைய இனங்கள் சேற்றின் மேற்பரப்பிலும், நீண்ட அலகுடையவை ஆழத்திலும் இரை கொள்கின்றன. பூநாரையோ அலகைத் தலைகீழாக அமிழ்த்தி நீரை வடிகட்டி உண்கிறது. நீர் மிகுந்தால் குட்டைக்கால் பறவைகள் நிற்க இயலாது. வற்றினால் சேறு இறுகிவிடும். எனவே நீரின் அளவே அவற்றின் வாழ்வைத் தீர்மானிக்கிறது.

இவற்றின் பாதையை அறியும் முயற்சியில் முன்னின்றவர் சாலிம் அலி (1896–1987). அவருடைய வழிகாட்டலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959இல் விரிவான வலசை ஆய்வைத் தொடங்கியது. பறவையின் காலில் எண் பொறித்த உலோக வளையம் பூட்டப்படும். அது வேறிடத்தில் அகப்படும்போது வழி புலனாகும். கோடியக்கரை இப்பணியின் முக்கியக் களங்களுள் ஒன்று. கோவையை அடுத்த ஆனைகட்டியில் அமைந்துள்ள பறவையியல் மையம் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

சேவூர், அவினாசி வட்டாரத்தார்க்குக் கோடியக்கரை தொலைவு. திருப்பூரின் நஞ்சராயன் குளமோ அண்மையில் உள்ளது. குளிர்காலத்தில் தட்டைவாயனும் நீலச்சிறகியும் வடக்கிலிருந்து வந்து இறங்கும் அக்குளமும் 2024இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. வலசைப் பறவைக்கு இத்தகைய நீர்நிலைகள் வழித்தங்கல்கள். ஒன்று கெட்டாலும் பயணம் குலையும். சாயக்கழிவால் நொய்யல் சீரழிந்து, 2011இல் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்ததை இப்பகுதி மறந்துவிடலாகாது.

அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனம் பறவைகளையும் மனிதரைப் போன்ற சமுதாயங்களாகக் குறிப்பிடுகிறது. ஸகாத் பெறும் எட்டு வகையினருள் வழிப்போக்கரையும் சேர்த்தது நம் மார்க்கம். ஆண்டுதோறும் நம் குளத்தில் இறங்கும் இவ்வழிப்போக்கர்க்கு நாம் தர வேண்டுவது பொருளன்று. மாசுபடாத நீரும் தொந்தரவற்ற கரையுமே.