லாரிக்குப் பின்னால் வரும் பைக்

நாற்சந்தியில் வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் கார். எதிர்ப்பக்கம் ஒரு லாரி, அதுவும் தன் வலப்பக்கம் திரும்புவதற்காகச் சந்திப்பின் நடுவரை வந்து நிற்கிறது. அதற்கு அப்பால் நேராகப் போகிற தடம் கார்க்காரர் கண்ணுக்குத் தெரியாது. அங்கே 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பைக் வந்தால், அது ஒரு நொடிக்குள் 14 மீட்டர் தாண்டிவிடும். லாரியின் முகப்பைக் கடந்து அது தென்படும்போது பிரேக் போட நேரம் இருக்காது. சாலையின் இடப்பக்கம் வண்டி ஓட்டுகிற எல்லா நாடுகளிலும் இந்த வலப்பக்கத் திருப்பம் ஆபத்தானது.

ஜப்பானும் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாடு. அங்கே 2015-இல் டொயோட்டா தன் கிரௌன் காரில் ‘ஐடிஎஸ் கனெக்ட்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதற்கென்று தயார் செய்யப்பட்ட சந்திப்புகளில், எதிரே வரும் வண்டியையும் சாலையைக் குறுக்கே கடப்பவரையும் கம்பத்தில் உள்ள சென்சார்கள் கண்டுபிடிக்கின்றன. அங்கேயே இருக்கும் ரேடியோ அந்தச் சேதியைக் காருக்கு அனுப்புகிறது. ஓட்டுநர் அதைக் கவனிக்காமல் காரை நகர்த்தத் தொடங்கினால், எச்சரிக்கை ஒலி எழுகிறது, எதிரே வண்டி வருவதைத் திரை காட்டுகிறது. காரின் சொந்தக் கேமராவோ ரேடாரோ இதைச் செய்ய முடியாது. அவை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் நம் கண்ணைப் போலத்தான். நடுவில் லாரி நின்றால் லாரியோடு சரி.

ரேடியோ அலை மட்டும் எப்படி மறைவைத் தாண்டுகிறது? ஊர்வலம் தெருமுனை திரும்புவதற்கு முன்பே நாகஸ்வரமும் தவிலும் வீட்டுத் திண்ணைக்குக் கேட்டுவிடுகின்றன. ஒலியின் அலைநீளம் பெரிது என்பதால் அது மூலையில் வளைந்து வருகிறது. ஒளியின் அலைநீளம் மிகமிகச் சிறியது. அதனால் ஊர்வலம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ரேடியோவிலும் இதே கணக்குதான். ஜப்பான் இந்த வேலைக்கு ஒதுக்கியது 760 மெகாஹெர்ட்ஸ் பகுதி. அதன் அலைநீளம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். அமெரிக்காவும் ஐரோப்பாவும் எடுத்துக்கொண்ட 5.9 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5 சென்டிமீட்டர்தான். நெருக்கமாகக் கட்டடங்கள் நிற்கும் தெருமுனையில் ஜப்பானின் நீள அலை நன்றாக வளைந்து போகும். பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பு டிஜிட்டலுக்கு மாறியபோது காலியான பகுதியில் அந்த இடம் கிடைத்தது. ஆனால் கிடைத்த அகலம் வெறும் 9 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்கா 1999-இல் ஒதுக்கியது 75 மெகாஹெர்ட்ஸ். வளைந்து போகும் அலை வேண்டுமா, நிறையச் செய்தி கொள்ளும் இடம் வேண்டுமா என்பதில் இரண்டும் சேர்ந்து கிடைப்பது அரிது.

கம்பம் மட்டுமல்ல, இதே ரேடியோ வழியில் வண்டிகளும் ஒன்றோடொன்று பேசலாம். அவை தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கின்றன? இருக்கும் இடம், வேகம், போகும் திசை, வேகம் கூடுகிறதா குறைகிறதா, ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, பிரேக் அழுத்தப்பட்டிருக்கிறதா, வண்டியின் நீள அகலம். அவ்வளவுதான். அமெரிக்க முறையில் இதை ஒவ்வொரு வண்டியும் நொடிக்குப் பத்து முறை, சுமார் 300 மீட்டர் தூரம்வரை அறிவிக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் இடையே 1.7 மீட்டர்கூட நகர்ந்திருக்காது. அலையோ 300 மீட்டரை ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடுகிறது. நமக்கு மூன்று வண்டி முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் அழுத்தினால், நடுவில் உள்ள இரண்டு ஓட்டுநர்களும் கால் எடுத்து வைப்பதற்குள் நம் காருக்குச் சேதி வந்துவிடும்.

இந்தச் செய்தியில் பெயர் கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது. நம் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் செய்வதற்கு இது நேர்மாறு. கண்ணாடியில் ஒட்டிய அந்தச் சில்லுக்கு பேட்டரி இல்லை. மேலே உள்ள ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது. யாருடைய வண்டி என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். விபத்தைத் தடுக்கும் செய்திக்கோ, யார் என்பது வேண்டாத விவரம்.

பெயரில்லாத செய்தியை எப்படி நம்புவது? குறும்புக்காரர் ஒருவர் சாலையோரம் உட்கார்ந்து, ‘பிரேக் போட்டுவிட்டேன்’ என்று பொய்ச்செய்தி பரப்பினால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்குக் கண்ட விடை மிக அழகானது. ஒவ்வொரு செய்தியிலும் மின்னணுக் கையெழுத்து இருக்கிறது. அந்தக் கையெழுத்துக்கான சான்றிதழ், ‘இது முறையாகப் பதிவான கருவி’ என்று மட்டும் உறுதி சொல்கிறது, எந்தக் கருவி என்று காட்டிக்கொடுப்பதில்லை. ஒரே சான்றிதழை நாள்முழுவதும் வைத்திருந்தால் யாராவது அதைப் பின்தொடர்ந்து, வண்டி எங்கெங்கே போகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். அதனால் கார் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சான்றிதழை மாற்றிக்கொள்கிறது. பொய் சொல்லும் கருவி பிடிபட்டால் அதன் சான்றிதழ்களை ரத்து செய்யவும் வழி இருக்கிறது. முகம் காட்டாமல் நம்பிக்கை பெறும் இந்த ஏற்பாட்டை நான் எத்தனை முறை படித்தாலும் வியப்பு குறைவதில்லை.

அலைபரப்பும் முறையிலும் ஒரு துணிச்சல் இருக்கிறது. வீட்டு வைஃபையில் போனைச் சேர்க்கும்போது பெயர் தேடி, கடவுச்சொல் கொடுத்து, அனுமதி வாங்கிய பிறகே பேச்சு தொடங்கும். எதிரெதிராகப் பாயும் இரண்டு வண்டிகளுக்கு அந்த அவகாசம் ஏது? 2010-இல் வந்த ‘802.11p’ என்ற தர விதி அந்தச் சேர்க்கைச் சடங்கையே எடுத்துவிட்டது. கேட்கக்கூடிய தூரத்தில் இருப்பவர் யாரானாலும் கேட்டுக்கொள்ளட்டும் என்று கார் பொதுவில் சொல்லிவிட்டுப் போகிறது. நடுவில் டவரும் தேவையில்லை, சிம் கார்டும் தேவையில்லை.

இத்தனையும் கைக்கு வந்த பிறகும் ஏன் பெரும்பாலான கார்கள் ஊமையாக ஓடுகின்றன? ஒரு எளிய பெருக்கல் கணக்கில்தான் சிக்கல். பத்தில் ஒரு காரில் இந்தக் கருவி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்ப்படும் இரண்டு கார்களிலும் அது இருக்க வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். பாதிக் கார்களில் இருந்தால்கூட நான்கில் ஒரு சந்திப்பில்தான் பயன். ஏர்பேக் வாங்கியவருக்கு அன்றைக்கே பாதுகாப்பு. இந்தக் கருவியை முதலில் வாங்குகிறவருக்கோ பேச ஆளே கிடையாது. சந்தையிடம் விட்டால் தானாக வளரும் பொருள் இது இல்லை.

இந்தக் கணக்கை உணர்ந்துதான் அமெரிக்காவின் மிஷிகன் பல்கலைக்கழகம் ஆன் ஆர்பர் நகரத்தைத் தேர்ந்தெடுத்தது. 2012 ஆகஸ்ட் மாதம், நாட்டின் போக்குவரத்துத் துறையோடு சேர்ந்து சுமார் 2,800 கார்கள், லாரிகள், பேருந்துகளில் கருவி பொருத்தி, அந்த ஊர்ச் சாலைகளிலேயே ஓடவிட்டார்கள். பெரும்பாலானவை சாதாரண மக்களின் வண்டிகள். வேலைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் போய்வரும் வழக்கமான ஓட்டம். நாடெங்கும் தூவியிருந்தால் ஒன்றையொன்று சந்தித்தே இருக்காத வண்டிகள், ஒரே ஊரில் குவிந்ததால் தினமும் பேசிக்கொண்டன. 2014-இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஒரு மதிப்பீடு வெளியிட்டது. சந்திப்பைக் கடப்பதற்கும் எதிர் வண்டிக்குக் குறுக்கே திரும்புவதற்குமான இரண்டே எச்சரிக்கைகள் எல்லா வண்டிகளிலும் வந்தால், ஆண்டுக்கு அதிகபட்சம் 5,92,000 மோதல்களையும் 1,083 உயிரிழப்புகளையும் தவிர்க்கலாம் என்றது. 2016 டிசம்பரில் புதிய கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கும் வரைவு விதியும் வந்தது. அது சட்டமாகவே இல்லை.

802.11p-இன் பழைய வைஃபை வழியா, செல்போன் தொழில்நுட்பத்தின் வழியா என்று கார் கம்பெனிகள் இரண்டாகப் பிரிந்து நின்றன. இணையத்துக்கு இடம் போதவில்லை என்று வீட்டு வைஃபை தரப்பு நெருக்கியது. 2020 நவம்பரில் அந்த 75 மெகாஹெர்ட்ஸில் 45 அந்த வைஃபைக்குப் போனது. மிச்சம் 30 மட்டும் வண்டிகளுக்கு, அதுவும் செல்போன் வழியிலான முறைக்கு. ஒதுக்கி 21 ஆண்டுகள் ஆன பிறகு! கருவி தோற்றதால் வந்த இழப்பு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வேலை செய்யும் என்று ஊரே ஓட்டிக் காட்டிய பிறகு, யார் முதலில் செலவழிப்பது என்ற தயக்கத்தில் இத்தனை காலம் போனது எனக்கு ஆறவே இல்லை. ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகன் 2019-இல் தன் எட்டாம் தலைமுறை கோல்ஃப் காரில் இதைத் தனி விலையில்லாத அடிப்படை வசதியாகவே வைத்தது. சொகுசுக் காரில் அலங்காரமாக வைக்காமல், பலரும் வாங்கும் காரில் வைத்ததுதான் சரி. அந்தப் பெருக்கல் கணக்கு எண்ணிக்கைக்கு மட்டுமே மசியும்.

கணக்கை உடைக்க இன்னொரு வழி கம்பம். கார்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான் மாறும். சிக்னல் கம்பத்தில் ஒரு கருவி வைத்தால், அந்தச் சந்திப்புக்கு வரும் முதல் காருக்கே பேச்சுத்துணை கிடைத்துவிடும். எந்தப் பக்கம் பச்சை, அது மாற இன்னும் எத்தனை நொடி, தடங்கள் எப்படிப் பிரிகின்றன என்று கம்பம் சொல்லிக்கொண்டே இருக்கும். சென்சாரும் சேர்ந்திருந்தால், ரேடியோவே இல்லாதவர்களுக்காகவும் அதுவே பேசும். சைக்கிளில் போகிறவர், தள்ளுவண்டிக்காரர், சாலையைக் கடக்கும் குழந்தை ஆகியோரின் சட்டைப்பையில் யார் கருவி வைக்கப் போகிறார்கள்? ஆகவே கார்களுக்காகக் காத்திராமல் கம்பங்களிலிருந்து தொடங்குவதே நியாயம் என்று நினைக்கிறேன். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024-இல் வெளியிட்ட திட்டத்திலும் இந்தத் திசை தெரிகிறது. 75 பெரிய நகரப் பகுதிகளின் சிக்னல் சந்திப்புகளில் கால்பங்குக்கு 2028-க்குள் கருவி பொருத்துவது அதன் இலக்குகளில் ஒன்று.

யூட்டா மாநிலம் அதற்கு முன்பே செய்து பார்த்துவிட்டது. 2017-இல் சால்ட் லேக் சிட்டியின் ரெட்வுட் சாலைச் சந்திப்புகளில் கருவிகளைப் பொருத்தி, அந்தத் தடத்தில் ஓடும் நகரப் பேருந்துகளோடு பேசவைத்தார்கள். பிறகு பனி அள்ளும் வண்டிகளையும் இந்த முறையில் சேர்த்தார்கள். சிக்னலில் நின்று நின்று போகாமல் ஒரே மூச்சில் பனியைத் தள்ளிக்கொண்டு போக அவற்றுக்குப் பச்சை கிடைக்கிறது. பேருந்து சந்திப்பை நெருங்கும்போது, அதிலுள்ள கருவி தன் நேர அட்டவணையைப் பார்க்கிறது. தாமதமாக ஓடினால், பச்சையைச் சில நொடி நீட்டித் தரும்படி கம்பத்தைக் கேட்கிறது. நேரத்துக்கு ஓடினால் கேட்பதில்லை.