பச்சைக்கிளி வளர்த்தால் ஜெயில்!

சீர்காழி:
மாசி, பங்குனி பிறந்தால் காவிரி கடைமடை ஊர்களில் வேம்பு பூக்கும். கொல்லையில் மாம்பிஞ்சு தொங்கும். பட்டுப்போன தென்னை, பனைமரப் பொந்துகளில் பச்சைக்கிளி குஞ்சு பொரித்திருக்கும்.

இந்த சமயம் பார்த்துத்தான் சில ஆசாமிகள் மரம் ஏறுகிறார்கள். இறகு முளைக்காத குஞ்சுகளை அள்ளி வந்து விற்று விடுகிறார்கள். “குழந்தை ஆசைப்படுதே” என்று வாங்குகிறவர்களே, உஷார்! விற்றவர் மட்டும் அல்ல, வாங்கியவரும் குற்றவாளிதான்.

1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி பச்சைக்கிளியை கூண்டில் அடைக்கக்கூடாது. 2022-ல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது 3 ஆண்டு வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். (லவ் பேர்ட்ஸ் வைத்திருப்போர் பயப்பட வேண்டாம். அது வெளிநாட்டுப் பறவை.)

ஜோசியக் கிளியும் தப்பவில்லை. 2024 ஏப்ரலில் கடலூர் தொகுதியில் போட்டியிட்ட டைரக்டர் தங்கர் பச்சானுக்கு “வெற்றி” சீட்டு எடுத்துக் கொடுத்த கிளியை வனத்துறை பிடித்துப் போனது. ஜோசியக்காரரை எச்சரித்து அனுப்பினார்கள். தேர்தலில் அவர் தோற்றது தனிக்கதை!

வளர்த்த கிளியை, பயந்துபோய் திடீரென்று திறந்து விடுவதும் தப்பு. அதற்கு இரை தேடத் தெரியாது. வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். வாசலில் விட்டால் பக்கத்து வீட்டுப் பூனைக்குத்தான் கொண்டாட்டம்.