தருமபுரி வெயிலுக்கு எந்த போர்டு?

தருமபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து பிழைக்கிறவன் நான். ஐம்பது, அறுபதாயிரம் ரூபாய் மதர்போர்டில் உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால், பின்பக்கம் இருக்கும் ஒரு சின்ன பட்டனைக் காட்டுவேன். பயாஸ் ஃபிளாஷ்பேக். போர்டில் பிராசஸரே இல்லாவிட்டாலும் கரண்ட் கொடுத்து, பென் டிரைவைச் செருகி, பட்டனை அழுத்தினால் போர்டை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருளான பயாஸ் புதுசாகிவிடும்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவருக்கு இதன் அருமை அவ்வளவாகத் தெரியாது. 2024 ஆகஸ்டில் ஏஎம்டியின் ரைசன் 9000 வரிசை வந்தது. கடைகளில் ஏற்கெனவே கிடந்த பி650 போர்டுகளில் அது கச்சிதமாக உட்காரும். ஆனால் பழைய பயாஸ் இருந்தால் திரையில் ஒன்றும் வராது. எஸ்.பி. ரோட்டில் பக்கத்துக் கடையில் ஒரு பழைய பிராசஸரை இரவல் வாங்கிப் போட்டு அப்டேட் செய்துவிடலாம். இங்கே போர்டைத் தூக்கிக்கொண்டு சேலம் பஸ் ஏற வேண்டியதுதான்.

இந்த பட்டன் மாதிரி வசதிகள் பிராசஸர் வேகத்தை ஏற்றி விளையாடுகிறவர்களை மனதில் வைத்துப் பிறந்தவை. 1998-இல் தைவானின் ஆபிட் கம்பெனி பிஎச்6 என்ற போர்டைக் கொண்டுவந்தது. ஜம்பரைப் பிடுங்கி மாட்டாமல் பயாஸ் மெனுவிலேயே வேகத்தைக் கூட்டலாம். 300 மெகாஹெர்ட்ஸ் செலரானை 450-இல் ஓட்டினார்கள். அந்தப் பித்துக்குப் பிறந்த வசதிகள்தான் இன்று சர்வீஸ் சென்டர் இல்லாத ஊரில் சோறு போடுகின்றன. போர்டு எந்த இடத்தில் முரண்டு பிடிக்கிறது என்று இரண்டு இலக்கத்தில் காட்டும் குட்டித் திரையும் அப்படித்தான். இந்த ரைசன்கள் உட்காரும் ஏஎம்5 சாக்கெட் போர்டுகள் முதல்முறை ஆன் செய்யும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். டிடிஆர்5 ரேமின் குணம் அது. அந்தத் திரை இல்லாவிட்டால் போர்டு செத்துவிட்டது என்றே நினைப்போம்.

அடுத்தது, பிராசஸரைச் சுற்றி அலுமினியக் கட்டிக்கு அடியில் இருக்கும் விஆர்எம். எஸ்எம்பிஎஸ் கொடுக்கும் 12 வோல்ட்டை ஒரு வோல்ட் சொச்சமாகக் குறைத்து பிராசஸருக்கு ஊட்டுவது இதுதான். ரைசன் 9 7950எக்ஸ் முழு மூச்சில் 230 வாட் வரை இழுக்கும். ஒரு வோல்ட்டை ஒட்டி அவ்வளவு வாட் என்றால், கிட்டத்தட்ட 200 ஆம்பியர். வீட்டில் கீசர் மாட்டும் பெரிய பிளக்கே 16 ஆம்பியர்தான். பெட்டியில் 16+2+1 என்று போட்டிருப்பது இந்தச் சுமையை எத்தனை பேஸ் பங்குபோடுகின்றன என்பதற்கு. பேஸ் கூடக்கூட ஒவ்வொன்றும் சூடாவது குறையும். ஏசி அறையில் கேம் ஆடுகிறவருக்கு இது பெருமைக் கணக்கு. மே மாதம் சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே மணிக்கணக்கில் கல்யாண வீடியோ ரெண்டர் போடுகிறவருக்கு இது ஆயுள் கணக்கு. ஆனால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கட்டி கனமாக இருக்கிறதா, காற்று போக வழி இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பாருங்கள்.

இனி கசப்பு. வேகப் பிரியர்களுக்கான போர்டு பெட்டியிலிருந்து வரும்போதே கொஞ்சம் முறுக்கேறித்தான் வரும். 2023 ஏப்ரலில் சில ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சாக்கெட்டோடு கருகின. பிராசஸரின் எஸ்ஓசி பகுதிக்குப் போகும் வோல்டேஜ் 1.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று ஏஎம்டி பயாஸ் வழியாகக் கடிவாளம் போட்டது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்கள் நிலைகுலைந்தபோது, போர்டு கம்பெனிகளின் தாராளமான பவர் செட்டிங்குகள் மேல் முதலில் சந்தேகம் விழுந்தது. பிறகு பிராசஸருக்குள் ஓடும் மைக்ரோகோடே அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்கிறது என்று இன்டெல் ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது. அதிலிருந்து நான் அசெம்பிள் செய்யும் எந்த மெஷினிலும் முதலில் பயாஸ் அப்டேட், அப்புறம்தான் விண்டோஸ்.

இன்னொரு கசப்பு, போர்டு முழுக்க ஸ்லாட் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் பயன்படுத்த முடியாது. ஏஎம்5 பிராசஸரில் நமக்குக் கிடைக்கும் பிசிஐஇ பாதைகள் 24. கிராபிக்ஸ் கார்டுக்கு 16, முதல் எஸ்எஸ்டிக்கு 4. மிச்சம் நான்கைப் பல எக்ஸ்870இ போர்டுகளில் யுஎஸ்பி4 எடுத்துக்கொள்கிறது. அவற்றில் சிலவற்றில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் கிராபிக்ஸ் கார்டின் 16 பாதை எட்டாகிவிடும். ரேமும் அப்படியே. ரைசன் 7000-க்கு இரண்டு ரேம் போட்டால் ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் 5200. நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் 3600. விளம்பரத்தில் நான்கும் பளபளவென்று எரியும்.

போன மாதம் அரூர் பக்கத்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். "அண்ணா, இந்த போர்டு போட்டா இடி, லோ வோல்டேஜ் எல்லாம் தாங்கும்ல?" தாங்காது. அது யுபிஎஸ், எஸ்எம்பிஎஸ், எர்த்திங் செய்ய வேண்டிய வேலை. இடி இன்டர்நெட் கேபிள் வழியாக வந்தால் எவ்வளவு விலை போர்டும் போய்விடும். தவிர அந்த போர்டு இ-ஏடிஎக்ஸ் என்ற பெரிய அளவு. அவருடைய கேபினெட்டுக்குள் நுழையாது.

நல்ல விஆர்எம் கட்டியும், ஃபிளாஷ்பேக் பட்டனும், பிழை காட்டும் நாலு லைட்டும் உள்ள பி650 போர்டு ஒன்றை எடுத்துக் காட்டினேன். அவர் கேட்டதில் பாதி விலைகூட வராது. இரண்டு இலக்கத் திரை அதில் இல்லை. அது எனக்குத்தான் குறை, அவருக்கு இல்லை. மிச்சப் பணத்தில் ஆன்லைன் யுபிஎஸ்ஸும், பெரிய ரேம் இரண்டும். ஒத்துக்கொண்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு: ரேமில் மட்டும் கலர் லைட் எரிய வேண்டும். போட்டுக் கொடுத்தேன்.