ஓபரா ஹவுஸில் செல்போன், அருங்காட்சியகத்தில் ஒரு நாய்

அஞ்செட்டிக்காரர்கள் பெங்களூருக்குச் சும்மா போவதில்லை. வேலை, ஆஸ்பத்திரி, கல்யாண ஜவுளி என்று ஏதாவது காரியம் இருக்கும். தேன்கனிக்கோட்டை, ஓசூர், அத்திப்பள்ளி எல்லை தாண்டிப் போய், வேலை முடிந்ததும் திரும்பும் பஸ்ஸைத் தேடுவார்கள். அரை நாள் மிஞ்சினால் பார்க்க, அங்கே இரண்டு பழைய கட்டடங்கள் இருக்கின்றன.

ஒன்று, பிரிகேட் ரோடும் ரெசிடென்சி ரோடும் சந்திக்கும் முனையிலுள்ள ஓபரா ஹவுஸ். பேச்சையும் பாட்டாகவே பாடி நடிக்கும் மேற்கத்திய இசை நாடகம்தான் ஓபரா. ஆங்கிலேயர் காலத்து அரங்கம், பிறகு சினிமா கொட்டகையானது. அப்புறம் பல வருடம் பூட்டிக் கிடந்தது. 2018 செப்டம்பரில் சாம்சங் நிறுவனம் அதைப் புதுப்பித்து, 33,000 சதுர அடி ஷோரூமாகத் திறந்தது. நாடகம் பார்க்க வந்த இடத்தில் இன்று செல்போன் பார்க்கிறார்கள். மும்பை ராயல் ஓபரா ஹவுஸின் தலையெழுத்து வேறு: 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் திறந்துவைத்த அது, 1993இல் மூடப்பட்டு, 2016இல் மறுபடியும் மேடையாகவே உயிர்பெற்றது.

இன்னொன்று, கஸ்தூர்பா ரோட்டில் செக்கச்செவேலென்று நிற்கும் அரசு அருங்காட்சியகம். 1865இல் இதைத் தொடங்கியவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர்; சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆரம்பத்திலும் அவர் கை உண்டு. பக்கத்திலேயே ஓவியர் வெங்கடப்பா பெயரில் கலைக்கூடம். அவருக்குப் பேர் வாங்கித் தந்தவை ஊட்டியை வரைந்த நீர்வண்ண ஓவியங்கள்.

அருங்காட்சியகத்தில் நின்று பார்க்க வேண்டியது, 10ஆம் நூற்றாண்டின் ஆதகூர் நடுகல். அதில் ஒரு நாயும் காட்டுப்பன்றியும் மோதிக்கொள்கின்றன. சோழ இளவரசன் ராஜாதித்தன் மாண்ட தக்கோலப் போரைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு அது. அந்தப் போரில் வீரம் காட்டிய மணலேரன் என்பவனிடம் அவனுடைய அரசன் 'என்ன வேண்டும்' என்று கேட்க, அவன் கேட்டது 'காளி' என்ற வேட்டை நாயை! பன்றியோடு மோதிய காளி, அதைக் கொன்று தானும் செத்தது. மணலேரன் அதற்குக் கல் நட்டு, நிலமும் விட்டான். கல்லுக்குப் பூசை செய்யாமல் பூசாரி சாப்பிடக் கூடாது என்பது ஏற்பாடு.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுவது இன்றும் உண்டு. காளியின் கல்லுக்கு இப்போது பூசை கிடையாது; பார்க்க வருகிறவர்கள்தான் எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறார்கள்.